கண்ணாடி போல மினுக்கிய போர்ட்டும் ஒன்பதாவது கொண்டை ஊசியும்

போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் தன் புல்லட் பைக்கின் ஹெட்டை, அதாவது எஞ்சினில் வால்வுகள் இருக்கும் மேல்மூடியை, துணிப்பையில் போட்டு எடுத்து வந்து என் பட்டறை மேசைமேல் வைத்தார். "அண்ணா, போர்ட்டை நல்லா பெருசு பண்ணி, உள்ளே கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுக் குடுத்துருங்க" என்றார். போர்ட் என்பது ஹெட்டுக்குள் வால்வு வரை காற்று ஓடும் வழி. வண்டி எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டேன். மாதம் இரண்டு தடவை மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வால்பாறை போய்வருகிறாராம், மேலே எஸ்டேட்டில் மாமனார் வீடு. நான் அந்த ஹெட்டைத் தொடவே இல்லை. முதலில் அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வேலையைச் செய்து ஒரு நல்ல ஹெட்டை நான் கெடுத்த கதையைச் சொன்னேன். அதே கேள்வியோடு மாதம் நாலு பேராவது வருகிறார்கள் என்பதால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அப்போது என்னிடம் இருந்தது பழைய இரும்பு பிளாக் புல்லட், திருவொற்றியூரில் செய்தது. 346 சி.சி., போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., வார்ப்பிரும்பு பிளாக்குக்கு மேல் அலுமினிய ஹெட். கழற்றிப் பார்த்தால் காற்று உள்ளே வரும் இன்லெட் போர்ட்டின் உள்ளே வார்ப்பு மணலின் சொரசொரப்பு அப்படியே இருந்தது, கார்புரேட்டர் அடாப்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் நகம் தட்டும் அளவுக்கு ஒரு படி, கேஸ்கெட் ஒரு பக்கம் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். ஒரு டை கிரைண்டர், அதில் பூட்டி உலோகத்தைச் சுரண்டும் பல் உள்ள இரண்டு கார்பைடு பர், ஒரு டஜன் எமரி ரோல் வாங்கிக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தேய்த்தேன். போர்ட்டைச் சுற்றிலும் சீராக அகலமாக்கி, கடைசியில் பஃப் போட்டு முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கி வைத்தேன். பட்டறைக்கு வந்தவர்களெல்லாம் விரலை விட்டுப் பார்த்துவிட்டு 'சூப்பர்' என்றார்கள்.

ஹெட்டை வண்டியில் பூட்டி ஆழியாறிலிருந்து வால்பாறை மலை ஏறினேன். அந்தப் பாதையில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். வேலைக்கு முன்னால் ஒன்பதாவது வளைவு, அதாவது லோம்ஸ் வியூ பாயிண்ட் இருக்கும் இடத்தை, தனியாளாக இரண்டாவது கியரிலேயே முக்காமல் சுற்றிவிடும் வண்டி அது. இப்போது இரண்டாவதில் விட்டால் வளைவின் நடுவில் இருமியது, த்ராட்டிலைத் திருகினால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் இழுத்தது, முதல் கியருக்கு இறங்கினால்தான் வேலை நடந்தது. சமவெளியில் நன்றாக முறுக்கி ஓட்டும்போது முன்பைவிடக் கொஞ்சம் மேலே போனது என்பது உண்மைதான். ஆனால் புல்லட்டை யார் அப்படி முறுக்கி ஓட்டுகிறார்கள்? கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டை மாற்றினேன், ஊசியை ஒரு படி ஏற்றினேன், இறக்கினேன், இக்னிஷன் டைமிங்கை நகர்த்திப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை.

காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது, அதை நான் போட்டுப் பார்க்க இரண்டு வருடம் ஆகிவிட்டது. போர் 70 மி.மீ. என்றால் பிஸ்டனின் தலைப்பரப்பு சுமார் 3,850 சதுர மி.மீ. ஸ்ட்ரோக் 90 மி.மீ., நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 6 மீட்டர். போர்ட்டின் விட்டம் 26 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், பரப்பு 530 சதுர மி.மீ. வரும், பிஸ்டன் பரப்பில் ஏழில் ஒரு பங்கு. ஆகவே காற்று அந்த இடுக்கில் ஏழு மடங்கு வேகமாக, அதாவது நொடிக்குச் சுமார் 43 மீட்டரில் ஓட வேண்டும். அதே போர்ட்டை 32 மி.மீ. ஆக்கினால் பரப்பு ஒன்றரை மடங்காகிறது, வேகம் 29 மீட்டருக்கு விழுகிறது. விட்டத்தில் வெறும் 6 மி.மீ.தான் கூட்டினோம், காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

வேகம் போனால் என்ன என்று கேட்கலாம். ஓடுகிற காற்றுக்கு எடை உண்டு, அதனால் தள்ளும் வலுவும் உண்டு. பிஸ்டன் அடிவரை போய்த் திரும்பி மேலே வர ஆரம்பித்த பிறகும் இன்லெட் வால்வு கொஞ்ச நேரம் திறந்தேதான் இருக்கிறது. அந்த நேரத்தில் வேகமாக வந்த காற்று தன் வேகத்தாலேயே மேலும் உள்ளே அடைந்துகொள்ளும், மெதுவாக வந்த காற்றை மேலேறும் பிஸ்டன் திருப்பிக் கார்புரேட்டர் பக்கமே தள்ளிவிடும். அதோடு பெட்ரோல் துளிகளைச் சுமந்து வருவதும் அந்த வேகம்தான். வேகம் குறைந்தால் துளிகள் போர்ட்டின் சுவரில் படிந்து ஓடையாக வழிகின்றன, கலவை ஒரு சுற்றில் கெட்டியாகவும் அடுத்த சுற்றில் நீர்த்தும் போகிறது. ஒன்பதாவது வளைவில் கேட்ட இருமல் அதுதான்.

எங்கள் சொந்த ஊர் உடுமலைப் பக்கம். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் விடும் நாட்களில் மண் வாய்க்கால் வளையும் இடத்தைக் கவனித்தவர்களுக்கு நான் அடுத்துச் சொல்லப்போவது பழக்கமான விஷயம்தான். வேகமாக வரும் தண்ணீர் வெளிக்கரையை மோதி அரிக்கும். உள்கரை ஓரம் தண்ணீர் சோம்பி நின்று சுழலும், வண்டல் அங்கேதான் படியும். போர்ட்டும் அப்படி ஒரு வளைந்த வாய்க்கால்தான். கார்புரேட்டரிலிருந்து வரும் காற்று கடைசியில் வால்வை நோக்கி மடங்கி இறங்க வேண்டும். அந்த மடக்கில் போர்ட்டின் கூரை வெளிக்கரை, தரை உள்கரை. காற்றில் பெரும்பகுதி கூரையை ஒட்டியே ஓடுகிறது. தரை மடங்கும் விளிம்பு கூர்மையாக இருந்தால் காற்று அதைத் தழுவி இறங்க முடியாமல் பிய்த்துக்கொண்டு நேராகப் பாய்ந்து எதிர்ச்சுவரில் போய் முட்டுகிறது. வால்வின் அந்தப் பக்கத்துத் திறப்பு பாதி வீணாகிறது. சுற்றிலும் சீராகத் தேய்த்தவன் தண்ணீரே ஓடாத உள்கரையையும் தோண்டி வைத்திருக்கிறான். நான் செய்தது அதுதான்.

சரி, இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஹெட் வழியாகக் காற்று எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கும் ஃப்ளோ பெஞ்ச் ஒன்றைக் கட்டிய பிறகுதான். காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் அளக்கலாம்.

பெரிய கருவி என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். என்னுடையது பிளைவுட் பெட்டிதான். ஒரு முனையில் பழைய வேக்குவம் கிளீனர்களிலிருந்து கழற்றிய மூன்று மோட்டார்கள் காற்றை இழுக்கும். நடுவில் ஒரு தடுப்பு, அதில் கூர்மையான விளிம்போடு லேத்தில் கடைந்த வட்டத் துளை உள்ள அலுமினியத் தகடு. மறுமுனையில் மேலே 70 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு குழாய், சிலிண்டர் இருக்கும் இடத்துக்குப் பதிலாக. அதன்மேல் ஹெட்டைப் பூட்டினால், மோட்டார் இழுக்கும் காற்று போர்ட் வழியாக நுழைந்து, வால்வைத் தாண்டி, குழாயில் இறங்கி, தகட்டின் துளை வழியாக வெளியேற வேண்டும். குழாயில் எவ்வளவு உறிஞ்சல் இருக்கிறது என்பதை ஒரு தண்ணீர்க் குழாய் காட்டும், தகட்டின் இரு பக்கமும் அழுத்தம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை இன்னொன்று காட்டும். கொத்தனார்கள் சுவரில் மட்டம் பார்க்கக் கையில் வைத்திருப்பார்களே, அதே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்தான், வளைத்துப் பலகையில் அடித்து, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். இரண்டாவது குழாயை மட்டும் நன்றாகச் சாய்த்து வைத்திருக்கிறேன், அப்போதுதான் சின்ன மாற்றமும் நீளமாகத் தெரியும்.

அமெரிக்கப் பந்தயப் பட்டறைகளில் வழக்கமாக 28 அங்குலத் தண்ணீர் உறிஞ்சலில் அளப்பார்கள், அதாவது 71 செ.மீ. என் மூன்று மோட்டாருக்கு அது எட்டாது, நான் 10 அங்குலத்தில்தான் அளக்கிறேன். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. காற்றின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது, நான்கு மடங்கு உறிஞ்சினால் இரண்டு மடங்கு காற்றுதான் வரும். அந்தக் கணக்கில் 10 அங்குல அளவை 1.67-ஆல் பெருக்கினால் 28 அங்குல அளவு கிடைத்துவிடும். யாராவது "என் ஹெட் இத்தனை சி.எஃப்.எம். ஓடுது" என்று (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று என்று அர்த்தம்) சொன்னால், எத்தனை அங்குலத்தில் என்று கேளுங்கள். அதைச் சொல்லாத எண்ணுக்கு மதிப்பே இல்லை.

பெஞ்ச் கட்டிய முதல் ஆறு மாதம் எனக்குக் கிடைத்த எண்கள் எதையும் நம்ப முடியவில்லை. காலையில் எடுத்த அளவு மதியம் வராது. எங்கள் தெருவில் பத்து லேத்துகள் ஓடுகின்றன, கரண்ட் ஏறி இறங்கும்போது மோட்டாரின் வேகமும் ஏறி இறங்கும், தண்ணீர்மட்டம் நிற்காமல் ஆடும். அதனால் இப்போதும் முக்கியமான அளவுகளை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில்தான் எடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஹெட்டை வைப்பதற்கு முன் துளை தெரிந்த ஒரு சோதனைத் தகட்டை வைத்து, அது போன வாரம் காட்டிய அளவையே காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆரம்பிப்பேன். வால்வுகளை மூடிவிட்டு மோட்டாரைப் போட்டுக் கசிவு எவ்வளவு என்றும் பார்ப்பேன், கிரீஸ் தடவாத ஒரு கேஸ்கெட் போதும் ஒரு நாள் வேலையைக் கெடுக்க. இன்னொரு விஷயம், போர்ட்டின் வாயைக் கூர்மையான விளிம்போடு வெறுமனே விடக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உருட்டி விளையாடும் களிமண்ணை எடுத்து வாயைச் சுற்றி உருண்டையாக ஒரு உதடு வைத்தால், காற்று வழுக்கி உள்ளே நுழையும். முதன்முதலில் வைத்தபோது ஹெட்டில் கை வைக்காமலேயே அளவு ஏறியதைப் பார்த்துத் திகைத்துப்போனேன்.

வால்வு ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டு மெலிதான ஒன்றைப் போட்டு, மேலே ஒரு போல்ட்டைத் திருகி வால்வை 1 மி.மீ., 2 மி.மீ. என்று ஒவ்வொரு படியாக இறக்கி, டயல் கேஜ் வைத்துச் சரிபார்த்து, ஒவ்வொரு படியிலும் காற்றைக் குறித்துக்கொள்வேன். அதை வரைபடத் தாளில் கோடாக இழுத்துப் பார்த்தால் ஹெட் பேச ஆரம்பிக்கும்.

நான் கெடுத்த அந்த ஹெட்டையும், கைபடாத இன்னொரு பழைய ஹெட்டையும் அடுத்தடுத்து வைத்துக் கோடு இழுத்தேன். 4 மி.மீ. வரை இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகவே போயின. இரண்டு ஞாயிறு தேய்த்ததற்கு அங்கே எந்தப் பலனும் இல்லை. மேலே போனால் என்னுடையது கொஞ்சம் உயர்ந்தது, அதுவும் நான் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. அப்புறம் ஒரு வேலை செய்தேன். அகலமாக்கிய போர்ட்டின் தரையில் களிமண்ணை வைத்து அடைத்து, கூரைப் பக்கம் மட்டும் வழி விட்டு, மடக்கில் களிமண்ணை விரலால் நன்றாக உருட்டிவிட்டு, மறுபடி அளந்தேன். போர்ட் சிறிதாகிவிட்டது. காற்று குறையவில்லை, ஒரு விரற்கடை ஏறியது. சத்தமும் மாறியது. அதுவரை கரகரவென்று இருந்தது, இப்போது ஊதுகுழல்போல ஒரே சீராக இருந்தது. அன்று முழுக்க நான் வேறு வேலை பார்க்கவில்லை. களிமண்ணை எடுப்பதும் வைப்பதுமாக, மெல்லிய கம்பி நுனியில் பருத்தி நூலைக் கட்டி உள்ளே விட்டு நூல் எங்கே நேராக நிற்கிறது, எங்கே துடிக்கிறது என்று பார்ப்பதுமாகவே இருட்டிவிட்டது. தரை மடக்கில் நூல் பின்பக்கமாகத் திரும்பி ஆடியது. காற்று அங்கே எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது!

தாழ்வான லிஃப்டில் (வால்வு இறங்கித் திறக்கும் அளவுதான் லிஃப்ட்) ஏன் ஒன்றும் மாறவில்லை என்பதற்கும் விடை எளிமையானது. வால்வு கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது காற்றுக்கு இருக்கும் கதவு போர்ட் அல்ல, வால்வுக்கும் அது உட்காரும் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் வளையம்தான். 40 மி.மீ. வால்வு ஒன்று 2.5 மி.மீ. திறந்தால் அந்த வளையத்தின் பரப்பு சுமார் 315 சதுர மி.மீ. மட்டுமே, பின்னால் இருக்கும் போர்ட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த இடுக்கு அப்படியேதான் இருக்கும். விட்டத்தில் கால் பங்கு, அதாவது 10 மி.மீ. திறந்தால்தான் அந்த வளையமும் வால்வின் முழுப் பரப்பும் சமமாகின்றன. வால்வு ஒவ்வொரு தடவையும் திறக்கும்போது ஒரு முறை, மூடும்போது ஒரு முறை என்று தாழ்வான லிஃப்டை இரண்டு தடவை கடக்கிறது, உச்சியைத் தொடுவது ஒரே தடவை. அதனால் ஹெட்டில் ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், போர்ட்டை விட்டுவிடுங்கள், சீட்டை ஒழுங்காக வெட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

சீட் வெட்டுவதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்த பெரியவர். சென்னைக்குப் பக்கத்துச் சோழவரத்தில், அந்த உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், பந்தயம் நடந்துகொண்டிருந்த நாட்களில் ஓட்டுநர்கள் அவரிடம்தான் ஹெட் கொண்டுவருவார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். என் ஹெட்டை வாங்கினார், வால்வின் தண்டைப் பிடித்து லேசாக ஆட்டினார், அவ்வளவுதான். "கைடு ஆடுதே கண்ணு. கைடை மாத்தாம சீட்டை வெட்டி என்ன பிரயோசனம்? கட்டரோட பைலட் கைடுக்குள்ளதான நிக்கோணும்?" என்றார். கைடு என்பது வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல், சீட் வெட்டும் கட்டரை நேராக நிறுத்தும் பைலட் கம்பியும் அதற்குள்தான் போகும். அவர் சொன்ன வரிசையை இன்றுவரை நான் மாற்றவில்லை. முதலில் புது கைடு, ரீமர் விட்டுத் தண்டுக்குச் சரியான இடைவெளி, அதற்குப் பிறகுதான் சீட். வால்வு உட்காரும் முகம் 45 டிகிரி, இன்லெட்டில் அகலம் 1 மி.மீ.-ஐ ஒட்டி. அதற்கு மேலே, கலவை எரியும் அறைப் பக்கம் 30 டிகிரி, கீழே போர்ட் பக்கம் 60 டிகிரி. ஒரே கோணத்தில் வெட்டினால் காற்று ஒரு மேட்டில் ஏறிக் குதிப்பது மாதிரி, மூன்று கோணத்தில் வெட்டினால் அது ஒரு வளைவாகிவிடுகிறது. நீலம் தடவி வால்வை உட்கார வைத்துச் சுற்றிலும் கோடு விடாமல் விழுகிறதா என்று பார்ப்பார். கடைசியில் போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, டீ குடித்துவிட்டு வந்து, அறைப் பக்கம் ஒரு துளி கசிந்திருந்தாலும் மறுபடி ஆரம்பிப்பார்.

புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கத்துச் சீட்டை மட்டும் இன்னும் அகலமாக, 1.5 மி.மீ. வரை விட்டுவிடுவார். வால்வின் சூடு ஹெட்டுக்கு இறங்குவது பெரும்பாலும் அந்தச் சீட் வழியாகத்தான். காற்றுக்காக அதைக் கத்திபோல மெலிதாக்கினால் வால்வு எரிந்துவிடும். கைடு விஷயத்திலும் அப்படியே. போர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கைடைச் சிலர் மொத்தமாக வெட்டிவிடுகிறார்கள், பார்க்க அழகாக இருக்கும், வால்வு ஆட ஆரம்பித்து சீட் ஒரு வருடத்தில் முட்டை வடிவமாகிவிடும். கைடைத் தாங்கும் மேட்டை மட்டும் முன்னும் பின்னும் படகின் மூக்குபோலச் சரித்துவிட்டால் போதும்.

சீட்டுக்குக் கீழே இருக்கும் கழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது வால்வு விட்டத்தில் 85-லிருந்து 90 சதவீதத்துக்குள் இருக்கலாம். அதற்குமேல் பெரிதாக்கினால் சீட்டுக்கு அடியில் வளைவுக்கே இடம் இருக்காது, அளவு ஏறுவதற்குப் பதில் இறங்கும். நான் இப்போது செய்யும் வேலையில் பெரும்பகுதி சீட்டுக்கு மேலும் கீழும் ஒரு அங்குலத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சீட் வளையத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் தொழிற்சாலை விட்டுவைத்த படியைக் கரைப்பது, தரை மடக்கை உருட்டுவது, கைடு மேட்டைச் சரிப்பது. அடாப்டர் பக்கம் கேஸ்கெட்டை வைத்துக் கோடு போட்டுப் படியை எடுப்பது. போர்ட்டின் நடுப்பகுதியில் வார்ப்பு முடிச்சுகளைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. சுவர் எங்கே எவ்வளவு தடிமன் என்று தெரியாமல் பர்ரை உள்ளே விட எனக்குத் துணிவு இல்லாததால், உக்கடம் பழைய இரும்புக் கடையில் விரிசல் விட்ட புல்லட் ஹெட் ஒன்றைக் கிலோ விலைக்கு வாங்கி, வாளில் நீளவாக்கில் இரண்டாக அறுத்து வைத்திருக்கிறேன். யாராவது கற்றுக்கொள்ள வந்தால் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

பாலிஷைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. இன்லெட்டில் நான் 80 நம்பர் எமரியோடு நிறுத்திவிடுகிறேன். கண்ணாடியாக்கினால் காற்று கூடுதலாக ஓடும் என்று நினைத்து அளந்து பார்த்திருக்கிறேன், என் பெஞ்சில் வித்தியாசம் தெரியவே இல்லை. தெரிகிற வித்தியாசம் குளிர்ந்த காலையில்தான்: மினுக்கிய சுவரில் பெட்ரோல் வழிந்து ஓடுகிறது, சொரசொரப்பான சுவரில் காற்று அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போகிறது. எக்ஸாஸ்டிலும் அறையிலும் பாலிஷ் போடலாம், கரி படிவது குறையும். அலுமினியத்தைத் தேய்க்கும்போது பர்ரின் பற்கள் அடைத்துக்கொள்ளும், மெழுகுவர்த்தியில் ஒரு தேய்ப்பு தேய்த்துக்கொண்டால் அடைக்காது. சீட்டின்மேல் பழைய வால்வு ஒன்றை உட்கார வைத்துவிட்டு வேலை செய்யுங்கள், 20,000 சுற்றில் ஓடும் பர் கை நழுவி சீட்டைத் தொட்டால் மூன்று நாள் வேலை போச்சு. முகமூடி இல்லாமல் உட்காராதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகக் கூடாது.

நம் ஊரில் போர்ட்டிங் என்றாலே யமஹா ஆர்.எக்ஸ். 100-தான் பலருக்கு ஞாபகம் வரும். அது டூ ஸ்ட்ரோக், துளைகள் சிலிண்டர் சுவரிலேயே இருக்கின்றன, துளையை மேலே ஒரு மி.மீ. உயர்த்தினால் திறக்கும் நேரமே மாறிவிடும். அது வேறு கணக்கு, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இந்த வேலையைக் குருட்டுக்கையிலிருந்து அளவுகோலுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஹாரி வெஸ்லேக். 1935-இல் பிற்பாடு ஜாகுவார் ஆன எஸ்.எஸ். கார் கம்பெனியின் வில்லியம் லயன்ஸுக்காக அவர் ஒரு ஹெட் செய்து கொடுத்தார். பக்கவாட்டில் வால்வு இருந்த 2.7 லிட்டர் எஞ்சினுக்கு மேல்வால்வு ஹெட் வைத்ததும், 70 குதிரைத்திறனை ஒட்டி இருந்தது 100-ஐத் தாண்டியது. ஜாகுவார் என்ற பெயரோடு முதலில் வந்த கார் அந்த எஞ்சினோடுதான் வந்தது. 1967-இல் பெல்ஜியம் கிராண்ட் பிரியில் டான் கர்னி ஜெயித்த ஈகிள் காரின் வி12 எஞ்சினும் வெஸ்லேக் பட்டறையில் பிறந்ததுதான். அவருடைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தண்ணீர்க் குழாய்தான் கண்ணில் படும். எண்பது தொண்ணூறு வருடம் கழித்தும் என் பலகையில் அதே குழாய், அதே தண்ணீர்.

பெஞ்ச் காட்டாத விஷயமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிதான் சொன்னவன் ஆவேன். பெஞ்சில் காற்று ஒரே சீராக ஓடுகிறது. எஞ்சினில் அது நொடிக்குப் பல தடவை கிளம்பி, நின்று, திரும்பி அடிக்கிறது, கூடவே பெட்ரோலும் இருக்கிறது. பெஞ்சில் கூடுதல் எண் காட்டிய ஹெட் சாலையில் தோற்றதை நானே பார்த்திருக்கிறேன், மேலே சொன்ன முதல் ஹெட்டே அதற்குச் சாட்சி. அதனால் இப்போதெல்லாம் போர்ட்டை எவ்வளவு சிறியதாக வைத்துக்கொண்டு அதே காற்றை வாங்க முடியும் என்றுதான் பார்க்கிறேன். பரப்பைக் கூட்டாமல் காற்று கூடினால் அது முழு லாபம். பரப்பைக் கூட்டி வாங்கிய காற்றுக்கு எந்தச் சுற்றில் என்ன விலை கொடுக்கிறோம் என்று மேலே போட்ட கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் பர்ரைக் கையில் எடுப்பேன். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயப் பாதையில் ஓட்டப்போகிறவருக்கு அந்த விலை பெரிதாக இருக்காது. அவர் எப்போதும் மேல் சுற்றிலேயே இருப்பார். வால்பாறைக்காரருக்கு அது கட்டுப்படியாகாது.

பொள்ளாச்சிக்காரர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "அப்போ பெருசு பண்ணவே வேண்டாங்களா?" என்றார், முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம். வேண்டாம் என்றேன். அவர் ஹெட்டைப் பெஞ்சில் வைத்து, அவரையே போல்ட்டைத் திருகவிட்டு, ஒவ்வொரு மி.மீ.-க்கும் தண்ணீர் ஏறுவதைக் காட்டினேன். 6 மி.மீ.-க்கு மேல் மட்டம் அசையாமல் நின்றுவிட்டது, சத்தம் கரகரக்க ஆரம்பித்தது. தரை மடக்கைக் காட்டி, அங்கேதான் வேலை என்றேன். கைடு இரண்டும் ஆடியது, அதுதான் முதல் செலவு.

நேற்று சீட் வெட்டி முடித்து மறுபடி அளந்தேன். 2, 3 மி.மீ.-களில் கோடு நன்றாக மேலே ஏறியிருக்கிறது, தரை மடக்கை உருட்டிய பிறகு அந்தக் கரகரப்பு 8 மி.மீ. வரை வரவில்லை. போர்ட்டின் வாய் அவர் கொண்டுவந்த அதே அளவில்தான் இருக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கம் இன்னும் தொடவில்லை. அதற்கு மோட்டாரைத் திருப்பிப் போட்டுக் காற்றை ஊத வைக்க வேண்டும், ஞாயிறு காலை லேத்துகள் எழுவதற்கு முன் பார்த்துவிடுவேன். புதன்கிழமை ஹெட்டை வாங்கிக்கொள்ள வருகிறார். ஒன்பதாவது வளைவை இரண்டாவது கியரில் சுற்றியதும் மேலேயிருந்து போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.